யூனிக்ஸ் வழக்கில் வழக்குரைத் திருத்தமும் ஆவண வெளிப்படுத்தலும்: ஒரு வரலாற்று நோக்கு

நீதிமன்றத்திலே நியாயங் கேட்டுச் செல்பவன் முதலிற் செய்யவேண்டியது தனக்கு இழைக்கப்பட்ட தீங்கு யாதென எழுதிக் கொடுப்பதாகும். காணியின் வேலி நகர்த்தப்பட்டிருப்பின் எந்த எல்லையில் எத்தனை முழம் நகர்ந்ததென அவன் கூறலாம். நூலொன்று களவாகப் பதிப்பிக்கப்பட்டிருப்பின் இரு நூல்களையும் அருகருகே வைத்துக் காட்டலாம். கணினி மென்பொருளைப் பொறுத்தவரை இவ்வாறு கூறுதல் எளிதன்று. சந்தையில் விற்கப்படுவது பெரும்பாலும் இயந்திரத்துக்கு மட்டுமே விளங்கும் வடிவம். மனிதர் எழுதிய மூலநிரலோ உற்பத்தி செய்தவரின் பாதுகாப்பிலே மறைந்து கிடக்கும். ஆகவே வாதி சந்தேகத்தை முதலாகக் கொண்டு வழக்கைத் தொடுத்து, ஆதாரத்தை எதிர்த்தரப்பினரிடமிருந்தே பெற்று, பெற்றவற்றுக்கு ஏற்பத் தன் வழக்குரையைத் திருத்த முற்படுகிறான். ஆவண வெளிப்படுத்தல், வழக்குரைத் திருத்தம் என்னும் இவ்விரு கருவிகளும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்கின, எவ்விடத்தில் ஒன்றையொன்று கைவிட்டன என்பதை ஆராய்வதற்கு, எஸ்.சி.ஓ. குழுமம் ஐ.பி.எம். நிறுவனத்துக்கு எதிராக 2003 இல் ஐக்கிய அமெரிக்காவின் யூற்றா மாநிலத்திலே தொடுத்து 2021 இலேயே முடிவுற்ற வழக்கு மிக வாய்ப்பானதொன்றாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சிக் குடியியல் நடவடிக்கைமுறை விதிகள் 1938 இல் நடைமுறைக்கு வந்தவை. அதற்கு முன்னர் வழக்குரையின் சொற்பிழையே ஒரு வழக்கைக் கவிழ்க்கப் போதுமானதாயிருந்தது. புதிய விதிகள் வழக்குரையின் சுமையைக் குறைத்து, அச்சுமையை வெளிப்படுத்தல் நடைமுறையின் தோளில் ஏற்றின. வாதி சுருக்கமாகக் கூறினாற் போதும்; விபரங்களை இரு தரப்பினரும் பின்னர் ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டறியலாம். நீதி வேண்டும்போது திருத்தத்துக்குத் தாராளமாக அனுமதி வழங்கவேண்டும் என 15 ஆம் விதி கூறிற்று. 1962 இல் போமன் எதிர் டேவிஸ் என்ற வழக்கிலே உயர் நீதிமன்றம் இத்தாராளத்தை வலியுறுத்தியது. எனினும், வழக்குகள் பெருகிச் செலவு மிகவே, 1983 இல் 16 ஆம் விதி திருத்தப்பட்டு, திருத்தங்களுக்கான இறுதித் தினத்தை நீதிபதி முன்கூட்டியே குறிக்கும் முறை புகுத்தப்பட்டது. அத்தினம் கடந்தபின் தாராளம் பேசிப் பயனில்லை. தக்க காரணம் காட்டவேண்டும். விடாமுயற்சியுடன் செயற்பட்டும் தினத்தைக் காக்க இயலாமற் போனதென்று காட்டுவதே அக்காரணத்தின் உட்பொருளாகும். 15 ஆம் விதி திறந்துவைத்த வாயிலுக்கு 16 ஆம் விதி நேரங் குறித்ததென்றே சொல்லவேண்டும்.

இதே காலப்பகுதியிலேதான் மென்பொருள் பதிப்புரிமைச் சட்டத்துள் வந்து சேர்ந்தது. 1980 இல் அமெரிக்கச் சட்டம் கணினி நிரலைத் தெளிவாக வரையறுத்தது. 1992 இல் கொம்பியூட்டர் அசோசியேற்ஸ் எதிர் அல்ராய் வழக்கும், 1993 இல் யூற்றாவை உள்ளடக்கும் பத்தாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் கேற்ஸ் றப்பர் வழக்கும், நிரலொன்றைப் படிப்படியாகப் பகுத்து, பொதுவழக்கானவற்றையும் வேறுவழியின்றி அமைந்தவற்றையும் வடித்து அகற்றி, எஞ்சியதையே ஒப்பிடவேண்டும் என்ற முறையை நிலைநாட்டின. இவ்வாறு வடிப்பதற்கு மூலநிரல் வரிவரியாக முன்னே இருத்தல் அவசியம். கூற்று பொதுவாயிருக்கலாம் என்றது நடவடிக்கைமுறைச் சட்டம். சான்று வரியளவில் வேண்டும் என்றது பதிப்புரிமைச் சட்டம். யூனிக்ஸ் வழக்கு சிக்கியது இந்த இடைவெளியிலேயே.

யூனிக்ஸ் என்னும் இயக்கமுறைமை 1969 இல் ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனத்தின் பெல் ஆய்வுகூடங்களிலே கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோரின் முயற்சியாற் பிறந்தது. அதன் மூலநிரல் பல்கலைக்கழகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் உரிமத்தின்பேரில் வழங்கப்பட்டது. 1985 இல் உரிமம் பெற்ற ஐ.பி.எம். அதனை அடியாகக் கொண்டு ஏ.ஐ.எக்ஸ். என்னும் தனது முறைமையை வளர்த்தது. 1993 இல் யூனிக்ஸ் வணிகம் நொவெல் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1995 இல் அதன் பெரும்பகுதி சான்ரா குறூஸ் ஒப்பறேசன் என்ற நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2001 இல் கல்டெறா நிறுவனம் அதனைப் பெற்று, மறு ஆண்டு தன் பெயரையே எஸ்.சி.ஓ. குழுமம் என மாற்றிக்கொண்டது. கல்டெறா தோன்றியது லினக்ஸ் விற்கும் நிறுவனமாகவே என்பது மனங்கொள்ளத்தக்கது. லினக்ஸ் என்பது 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் தோர்வால்ட்ஸ் தொடக்கி, உலகெங்குமுள்ள நிரலாளர் பலர் கூடி வளர்த்தது. எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் இடந்தரும் உரிமத்தின் கீழ் வெளிவருவது. 2001 இல் ஐ.பி.எம். இதன் வளர்ச்சிக்கென 1 பில்லியன் டொலர் ஒதுக்கியது. யூனிக்ஸ் விற்போரின் சந்தை சுருங்கத் தொடங்கிற்று.

2003 மார்ச் 6 ஆந் திகதி எஸ்.சி.ஓ. யூற்றா மாநில நீதிமன்றத்திலே வழக்குத் தாக்கல் செய்தது. அது விரைவிலே கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. முதல் வழக்குரையிலே பதிப்புரிமை மீறல் என்ற குற்றச்சாட்டே இருக்கவில்லை. வியாபார இரகசியத்தைக் களவாடியமை, ஒப்பந்த மீறல், முறையற்ற போட்டி முதலியனவே கூறப்பட்டன. கேட்கப்பட்ட நட்டஈடு குறைந்தது 1 பில்லியன் டொலர். ஜூன் மாதத்தில் ஐ.பி.எம்மின் ஏ.ஐ.எக்ஸ். உரிமம் இரத்தாயிற்றென எஸ்.சி.ஓ. அறிவித்து, வழக்குரையைத் திருத்தி, தொகையை 3 பில்லியனாக உயர்த்தியது. 2004 பெப்ரவரியில் இரண்டாந் திருத்தம் வந்தது. வியாபார இரகசியக் கோரிக்கை கைவிடப்பட்டது. உரிமம் இரத்தான பின்னும் ஏ.ஐ.எக்ஸ்., டைனிக்ஸ் ஆகியவற்றை ஐ.பி.எம். வெளியிட்டமை பதிப்புரிமை மீறல் என்ற கோரிக்கை சேர்க்கப்பட்டது. தொகை 5 பில்லியனாயிற்று. ஆயிரக்கணக்கானோர் திறந்த வெளியிலே படிக்கும் லினக்ஸில் உள்ளதை இரகசியமென்று தொடர்ந்து சாதிப்பது இடர்மிக்கது என்பதை வாதியின் சட்டத்தரணிகள் உணர்ந்திருத்தல் கூடும். வழக்குரை வளர்ந்த வேகத்துக்குச் சான்று வளரவில்லை என்பதே பின்னர் புலப்பட்டது.

நீதிமன்றத்துக்கு வெளியே எஸ்.சி.ஓ. அடக்கமாயிருக்கவில்லை. 2003 மே மாதத்தில் லினக்ஸ் பயன்படுத்தக்கூடிய ஏறக்குறைய 1,500 பெருநிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் சென்றன. ஓகஸ்ட் மாதம் லாஸ் வேகாஸ் நகரிற் கூட்டிய மாநாட்டிலே, களவாடப்பட்டதெனக் கூறப்பட்ட நிரலின் சில பகுதிகள் திரையிற் காட்டப்பட்டன. பார்ப்போர் படித்துவிடாதிருக்க அவற்றில் ஒரு பகுதி கிரேக்க எழுத்துருவுக்கு மாற்றப்பட்டிருந்தது. எழுத்துருவை மாற்றிய மறைப்பு ஒரு மறைப்பாகுமா? லினக்ஸ் நிரலாளர் சில நாட்களுள் அவற்றை மீட்டெடுத்து ஊற்றையும் கண்டறிந்தனர். ஒன்று பார்க்லிப் பல்கலைக்கழக மரபிலே தாராள உரிமத்துடன் வெளிவந்த வலைப்பொதி வடிகட்டி. மற்றொன்று கல்டெறா தானே 2002 இல் தாராள உரிமத்தின் கீழ் விடுவித்த பழைய யூனிக்ஸ் நிரலிற் காணப்படுவது. அதன்பின் பொதுமேடையிலே நிரல் காட்டும் ஆர்வம் குன்றிப்போனதில் வியப்பில்லை.

நீதிமன்றத்திலே எழுந்த முதல் வினா, யார் முதலிற் காட்டுவது என்பதாகும். எந்தக் கோப்பில் எந்த வரி தனது உரிமையை மீறுகிறதென எஸ்.சி.ஓ. கூறவேண்டும் என ஐ.பி.எம். கேட்டது. ஏ.ஐ.எக்ஸ். வளர்ந்த வரலாறு முழுவதையும் ஐ.பி.எம். காட்டினாலன்றித் தன்னாற் கூறவியலாது என்றது எஸ்.சி.ஓ. இவ்வாதத்தை வெறும் சாக்குப்போக்கு என ஒதுக்கிவிட முடியாது. அதன் ஒப்பந்தக் கோட்பாட்டின்படி, யூனிக்ஸிலிருந்து பிறந்த ஏ.ஐ.எக்ஸும் டைனிக்ஸும் மூல யூனிக்ஸ் போலவே காக்கப்படவேண்டியவை, ஆகவே ஐ.பி.எம். தானே எழுதிய பகுதியைக்கூட லினக்ஸுக்கு வழங்க உரிமை பெறவில்லை. இக்கோட்பாட்டை நிறுவுவதற்கு வம்சாவளி வேண்டும்; வம்சாவளியோ ஐ.பி.எம்மின் பதிவேட்டில் இருந்தது. ஆயினும் லினக்ஸ் என்பது உலகத்தார் எவரும் இறக்கிப் படிக்கக்கூடிய நிரல். யூனிக்ஸ் மூலநிரலோ எஸ்.சி.ஓ.வின் கையிலேயே இருந்தது. இரண்டையும் ஒப்பிட எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

2003 டிசம்பரில் நீதவான் நீதிபதி புறூக் வெல்ஸ் ஐ.பி.எம்மின் விண்ணப்பங்களை ஏற்றார். எஸ்.சி.ஓ. முப்பது நாட்களுள் விபரமாக விடையளிக்கவேண்டும். அதுவரை ஏனைய வெளிப்படுத்தல் நடவடிக்கைகள் நிறுத்திவைக்கப்படும் எனக் கட்டளையிட்டார். 2004 மார்ச் 3 ஆந் திகதிய கட்டளை இரு தரப்பினரையும் ஒருங்கே பிணித்தது: எஸ்.சி.ஓ. வரிகளைக் குறித்துக்காட்ட வேண்டும், ஐ.பி.எம். ஏ.ஐ.எக்ஸ்., டைனிக்ஸ் வெளியீடுகளாக ஏறக்குறைய 232 உற்பத்திகளை ஒப்படைக்கவேண்டும். 2005 ஜனவரியில் வெல்ஸ் மேலுஞ் சென்று, நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் களஞ்சியத்தையும், மிகுதியாகப் பங்களித்த 3,000 நிரலாளரின் குறிப்புக்களையும் கையளிக்குமாறு பணித்தார். ஐ.பி.எம். மீள்பரிசீலனை கோரவே, ஏப்ரல் மாதத்தில் அத்தொகை 100 ஆகக் குறைக்கப்பட்டது. பிரதிவாதி காட்ட மறுத்தமையாலேயே வழக்குத் தோற்றது என்று பின்னாளிற் சிலர் பேசினர். இக்கட்டளைகளை வரிசைப்படுத்தி நோக்குவோர் அதனை ஏற்பது கடினம், எஸ்.சி.ஓ. பெற்றது சிறிதன்று.

இதற்கிடையில் ஐ.பி.எம். தன் பக்க வழக்குரையைத் திருத்தி, தனது லினக்ஸ் செயற்பாடுகள் எஸ்.சி.ஓ.வின் பதிப்புரிமையை மீறவில்லை எனப் பிரகடனஞ் செய்யுமாறு எதிர்க்கோரிக்கை விடுத்தது. உலகமே பேசிக்கொண்டிருந்த லினக்ஸ் பதிப்புரிமைப் பிரச்சினை வழக்கிலே நேரடியாகப் புகுந்தது வாதியின் உரையாலன்று, பிரதிவாதியின் திருத்தத்தாலேயே என்பது குறிப்பிடத்தக்கது. அக்கோரிக்கை மீது ஐ.பி.எம். உடனடித் தீர்ப்புக் கேட்டபோது, நீதிபதி டேல் கிம்போல் 2005 பெப்ரவரியில் அதனை மறுத்தார். வெளிப்படுத்தல் இன்னும் நிறைவுறவில்லை என்பதே காரணம். எனினும், பகிரங்கமாக அத்துணை பேசிய ஒரு தரப்பினர் மீறலை ஐயத்துக்குள்ளாக்கத்தக்க தகுதியான சான்றெதனையும் முன்வைக்காதது வியப்புக்குரியது என அவர் அக்கட்டளையிலேயே எழுதினார். தோற்கவேண்டிய இடத்திலே எஸ்.சி.ஓ.வைக் காத்தது வெளிப்படுத்தல் நடைமுறையின் முற்றுப்பெறாமையே.

வழக்கின் உண்மையான முடிச்சு இனித்தான் வருகிறது. 1998 இல் ஐ.பி.எம்மும் சான்ரா குறூஸும் இன்ரெல் நிறுவனத்தின் புதிய 64 துணுக்குச் செயலிக்கென யூனிக்ஸ் முறைமையொன்றைக் கூட்டாக உருவாக்க உடன்பட்டன. மொன்ரரே திட்டம் எனப்பட்ட இம்முயற்சி செயலியின் தாமதத்தாலும் லினக்ஸின் எழுச்சியாலும் நலிந்து 2001 இற் கைவிடப்பட்டது. இத்திட்டத்துக்கென சான்ரா குறூஸ் வழங்கிய யூனிக்ஸ் நிரலை ஐ.பி.எம். தன் பவர் செயலிக்குரிய ஏ.ஐ.எக்ஸில் சேர்த்துக்கொண்டது என்பதும், அதற்கான உரிமத்தைப் பெறும்பொருட்டுப் பெயரளவிலான வெளியீடொன்றையே செய்தது என்பதும் எஸ்.சி.ஓ.வின் குற்றச்சாட்டு. இதனை ஐ.பி.எம்மின் உள்ளக ஆவணங்கள் வெளிப்படுத்தப்பட்ட பின்னரே அறிந்ததாகக் கூறி, 2004 ஒக்டோபரில் மூன்றாந் திருத்தத்துக்கு அது அனுமதி கோரியது. திருத்தத்துக்கெனக் குறிக்கப்பட்ட இறுதித் தினமோ அவ்வாண்டு பெப்ரவரி 4.

வெளிப்படுத்தல் தந்த சான்றைக் கொண்டு வழக்குரையைத் திருத்துவதே 1938 இன் விதிகள் வகுத்த பாதை. அப்பாதையிலே எஸ்.சி.ஓ. மெய்யாக நடக்க முயன்ற இடம் இதுவேயாகும். மற்றைய கோரிக்கைகளில் நிரல் எங்கே என்ற வினாவுக்கு விடை தேடவேண்டியிருந்தது. இங்கே நிரல் இருந்தது. உரிமம் உண்டா என்பதே பிரச்சினை. ஆயினும் 2005 ஜூலை 1 ஆந் திகதி நீதிபதி கிம்போல் அனுமதியை மறுத்தார். எஸ்.சி.ஓ.வோ அதற்கு முன்னிருந்த உரிமையாளரோ இந்நடத்தையை முதல் வழக்குரைக்கு முன்னரே அறிந்திருந்தனர், அல்லது அறிந்திருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. 2000 ஆம் ஆண்டையொட்டிய பகிரங்க ஆவணங்களே அந்நிரல் பவர் செயலிக்குரிய ஏ.ஐ.எக்ஸில் இடம்பெறுவதை உணர்த்தின. உள்ளக மின்னஞ்சல்கள் எண்ணத்தை வெளிப்படுத்தியிருக்கலாம். செயலை உலகம் ஏற்கெனவே கண்டிருந்தது. சட்டத்தின்படி இம்முடிவிற் குறைகாண்பது அரிது. ஆயினும் வரி காட்டமுடியாத பெருங்கோரிக்கைகளுக்கு ஆண்டுக்கணக்காக நேரங் கொடுத்த நீதிமன்றம், வரி காட்டக்கூடியதாயிருந்த கோரிக்கையை எட்டு மாதத் தாமதத்துக்காகப் புறத்தே நிறுத்தியதென்ற உறுத்தல் எஞ்சவே செய்கிறது. அதன் பழி நீதிமன்றத்தைச் சாராது. தொடக்கத்திலே தன் கையிலிருந்த கோப்புக்களைப் படித்துவிட்டு வழக்குரை எழுதியிருப்பின், 2003 இலேயே இதனைச் சேர்த்திருக்கலாம்.

எதிர்க்கோரிக்கைகளிற் சேர்த்திருந்த ஆக்கவுரிமைப் பத்திர விடயங்களை ஐ.பி.எம். 2005 ஒக்டோபரிற் கைவிட்டுத் தன் வழக்கைச் சுருக்கிக்கொண்டது. எஸ்.சி.ஓ. எதிர்த்திசையிற் சென்றது. டிசம்பர் 22 இறுதித் தினத்தன்று 294 விடயங்கள் கொண்ட பட்டியலைச் சமர்ப்பித்தது. அவற்றுட் பெரும்பாலானவற்றில் பதிப்பு, கோப்பு, வரி என்னும் மூன்றும் கூறப்படவில்லை. முறைகள், கருத்துக்கள் என்றே சுட்டப்பட்டிருந்தன. 2006 ஜூனில் நீதவான் நீதிபதி வெல்ஸ் பட்டியலின் அரைவாசிக்கு மேற்பட்டதை நீக்கினார். அக்கட்டளையிலே அவர் கையாண்ட உவமை பலராலும் எடுத்தாளப்படுவதாயிற்று: கடையிலே திருடியதாகப் பிடிக்கப்பட்ட ஒருவன் தான் திருடியது யாதென வினவ, அவனிடம் கடையின் பொருட்பட்டியல் முழுவதையும் நீட்டி, நீ எடுத்தது உனக்கே தெரியும் என்று சொல்வது போன்றது எஸ்.சி.ஓ.வின் நிலைப்பாடு என்றார். அவ்வாண்டு நவம்பரில் நீதிபதி கிம்போல் இதனை உறுதிப்படுத்தினார். வரி காட்டும் கடமை எவர்மேலும் சுமத்தப்படும் வெறும் சம்பிரதாயமன்று. பதில் கூறவேண்டியவன் எதற்குப் பதில் கூறுவதென அறியும் உரிமையின் மறுபக்கமே அது.

அடித்தளமே ஆட்டங்கண்டது வேறொரு வழக்கிலாகும். யூனிக்ஸ் பதிப்புரிமையைத் தான் விற்கவேயில்லை என நொவெல் 2003 மே மாதத்தில் அறிவித்தது, எஸ்.சி.ஓ. 2004 ஜனவரியில் நொவெல்மீது வழக்குத் தொடுத்தது. 1995 இன் விற்பனை ஒப்பந்தம் பதிப்புரிமைகளை விலக்கியிருந்தது. 1996 இன் திருத்தமொன்று அவ்விலக்கைத் தெளிவற்ற சொற்களாற் குறுக்கியிருந்தது. 2007 ஓகஸ்ட் 10 இல் நீதிபதி கிம்போல் நொவெல்லுக்குச் சார்பாகத் தீர்த்தார். அடுத்த மாதம் எஸ்.சி.ஓ. வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியது. 2009 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்விடயத்தை யூரிகளுக்கு அனுப்ப, 2010 மார்ச்சில் யூரிகளும் உரிமை நொவெல்லுடையதே என்றனர். 2011 இல் அது உறுதியாயிற்று. ஐ.பி.எம்மின் களஞ்சியத்தை வருடக்கணக்காகக் கிளறிய வாதி, தன் பெட்டியிலிருந்த உறுதியைப் போதிய அளவு படிக்கவில்லை என்று கூறுதல் கடுமையெனினும் பொய்யாகாது.

இலங்கை வாசகருக்கும் இது முற்றிலும் அந்நியமான பிரச்சினையன்று. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 93 ஆம் பிரிவு 1991 இன் 9 ஆம் இலக்கச் சட்டத்தாற் திருத்தப்பட்டபோது, விளக்கத்துக்குக் குறித்த முதல் நாளிலிருந்து வழக்குரைத் திருத்தம் பாரதூரமான, ஈடுசெய்யமுடியாத அநீதி நேருமிடத்தும், கோருபவர் வாளாவிருந்த குற்றமற்றவராயிருக்குமிடத்துமே அனுமதிக்கப்படும் என்றாயிற்று. கணினி நிரலைப் பாதுகாக்கும் புலமைச் சொத்துச் சட்டம் இங்கு நிறைவேறியதும், எஸ்.சி.ஓ. வழக்குத் தொடுத்த அதே 2003 இலாகும்.

ஐ.பி.எம். வழக்கு 2013 இல் மீளத் திறக்கப்பட்டது. 2016 இல் மாவட்ட நீதிமன்றம் எஞ்சியவற்றையும் தள்ளுபடி செய்தது. 2017 ஒக்டோபரிற் பத்தாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இருமுகங் கொண்டது. மூன்றாந் திருத்தத்தை மறுத்தது சரியே, தக்க காரணம் காட்டப்படவில்லை என்றது. மொன்ரரே திட்டத்தின் நிரலைப் பதிப்புரிமை மீறலாக விசாரிக்கும் வாயில் அத்துடன் மூடிற்று. ஆனால் முறையற்ற போட்டி என்ற தலைப்பிலே அதே நிரல், அதே திட்டம், அதே வெளியீடு பற்றிய கோரிக்கை வழக்குரையில் ஏற்கெனவே இருந்தமையால், அதனை விசாரணைக்குத் திருப்பியனுப்பியது. ஒரே நிகழ்ச்சி, உரிய வேளையில் எழுதப்பட்ட பெயரின் கீழ் உயிர்த்தது. காலந்தாழ்த்தி எழுதப்பட்ட பெயரின் கீழ் மடிந்தது.

அவ்விசாரணையும் நடைபெறவில்லை. 2021 இல் எஸ்.சி.ஓ.வின் வங்குரோத்துப் பொறுப்பாளர் 14.25 மில்லியன் டொலருக்கு ஐ.பி.எம்முடன் இணக்கங் கண்டார். கேட்கப்பட்ட 5 பில்லியனில் அது முந்நூற்றைம்பதில் ஒரு பங்கு. அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே, எஸ்.சி.ஓ.வின் மென்பொருட் சொத்துக்களை 2011 இல் வாங்கிய நிறுவனத்தின் வழிவந்த சினுவோஸ், ஐ.பி.எம். தன் நிரலை ஏ.ஐ.எக்ஸில் களவாகச் சேர்த்ததென ஐக்கிய அமெரிக்காவின் கன்னித் தீவுகளிலே புதியதொரு வழக்கைத் தொடுத்திருந்தது. அதன் முதல் வழக்குரையிலேயே பதிப்புரிமை மீறல் என்ற கோரிக்கை இடம்பெற்றிருந்தது.